பாடப் பரீட்சையும் பிறவிப் பரீட்சையும்

(மாலைக் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



அமெரிக்காவில் பேர்பெற்ற கலாசாலைகளில் சேர விரும்பும் பிள்ளைகள் எந்தப் பாடத்தில் பரீட்சை எழுதுவது என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். அய்ந்தாம் வகுப்பைத் தாண்டாத இவனுக்கு இதில் என்ன யோக்கியதை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நினைப்பது நியாயந்தான். ஆனால் எனக்கு என்ன தெரியும் என்று கேளாமல், எங்கே படித்தாய் என்று மாத்திரம் கேட்டு என்னைத் திருப்பி அனுப்பியவர்கள் அநேகர். ஆதலால் பரீட்சை என்கிற சங்கதியில் எனக்குக் கொஞ்சம் அக்கறை அதிகம்.

அந்நாட்டில் 1900-ல் காலேஜ் போர்டு என்னும் ஸ்தாபனம் ஏற்பட்டது. 1901-ல் ஒன்பது பாடங்களில் பரீட்சை வைத்தார்கள். கணக்கு, சரித்திரம், ரசாயனம், லத்தீன் என்று போகும். படித்ததை எழுது என்பதே அதன் கருத்து. பிறகு 1926-ல் எஸ்.ஏ.டி. என்று வேறொன்று வந்தது. இது படிப்பை அளப்பதல்ல, இயற்கைத் திறமையை அளப்பது என்றார்கள். இதை உண்டாக்கியவர் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த கார்ல் பிரிகாம். இவர் 1923-ல், வட அய்ரோப்பிய இனத்தாருக்கே புத்தி அதிகம் என்று புத்தகம் எழுதியவர். தோழர்களே! பிறவியிலேயே மேல் கீழ் என்கிற இந்தச் சரக்கு நமக்குப் புதிதா? நம்மவர் முகம், தோள், தொடை, கால் என்று கதை சொன்னார்கள். அவர் மார்க்குப் பட்டியலைக் காட்டினார். ஆனால் அவரிடம் ஒரு நாணயம் இருந்தது. தம் முடிவுகளுக்கு ஆதாரமில்லை என்று 1930-ல் தாமே எழுதி ஒப்புக்கொண்டார். நம் சாஸ்திரக்காரரில் அப்படி ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம்!

அவர் மாறினாலும் பரீட்சை நின்றுவிட்டது. 1990-களில் அந்த மூன்றெழுத்துக்கு விரிவே கிடையாது என்று போர்டாரே சொல்லிவிட்டார்கள். அர்த்தமில்லாத மந்திரத்திற்கு நம் நாடு மாத்திரம் சொந்தக்காரரல்ல.

1937-ல் பாடவாரியான பரீட்சைகளும் வந்தன. பிற்காலத்தில் இவற்றிற்கு சப்ஜெக்ட் டெஸ்ட் என்று பெயர். முடிவில் 20 பாடங்கள். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். மார்க்கு 200 முதல் 800 வரை. ஒரே நாளில் மூன்று வரை எழுதலாம். எம்.ஐ.டி. என்னும் கலாசாலை கணக்கில் ஒன்றும் விஞ்ஞானத்தில் ஒன்றும் கேட்டு வந்தது.

எதைத் தெரிந்தெடுப்பது என்பதில்தான் சூட்சுமம். கணக்கில் முதற்படி, இரண்டாம்படி என்று இரண்டு உண்டு. ஒன்றுமறியாத பிள்ளை, சுலபமாயிருக்கும் என்று முதற்படிக்குப் போவான். ஆனால் இரண்டாம்படியில் சில கேள்விகள் தவறினாலும் 800 கிடைக்கும்; முதற்படியில் தவறுக்குத் தண்டனை அதிகம். இரண்டாம்படி எழுதினவர்களில் ஏறக்குறைய அய்ந்தில் ஒருவர் 800 வாங்கினார்கள். ஆகவே அந்த 800-ம் இலக்கியத்தில் வாங்கிய 800-ம் ஒன்றல்ல. சீன மொழிப் பரீட்சையையோ, வீட்டிலேயே சீனம் பேசுகிற பிள்ளைகள் ஏராளமாக எழுதினார்கள். இந்த விவரமெல்லாம் யாருக்குத் தெரியும்? சம்பளம் கொடுத்து ஆலோசனை கேட்கிறவன் பிள்ளைக்குத் தெரியும். கூலிக்காரன் மகளுக்கு யார் சொல்வார்? தெரிந்தெடுக்கும் சுதந்திரம் என்று பேர். விவரமில்லாதவனுக்கு அது குருடனுக்குக் காட்டிய நாற்சந்திதான்.

ஆனாலும் நான் பாடப் பரீட்சையின் கட்சியே. கலிபோர்னியா சர்வகலாசாலையார் ஏறக்குறைய 78,000 மாணவர்களின் கணக்கைப் பார்த்து 2001-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். முதல் வருஷப் படிப்பில் யார் தேறுவார்கள் என்பதை எஸ்.ஏ.டி.யைவிடப் பாடப் பரீட்சையே நன்றாகக் காட்டிற்று. பெற்றோரின் பணமும் படிப்பும் அதில் குறைவாகவே ஒட்டியிருந்தன என்று கண்டார்கள். ஏன்? கற்றதை யார் வேண்டுமானாலும் கற்கலாம். இரவல் புத்தகத்தை வைத்துத் தெருவிளக்கில் படித்தவனிடத்திலும் அது எங்கே படித்தாய் என்று கேட்பதில்லை.

அப்படியிருந்தும் அதே சர்வகலாசாலையார் 2012-ல் சேருகிறவர்களிலிருந்து அதைக் கட்டாயமில்லை என்று நீக்கினார்கள். மற்றப்படி தகுதியுள்ள பிள்ளைகள் பலர், இந்தப் பரீட்சையை எழுதாத ஒரே காரணத்தால் தள்ளப்பட்டார்கள் என்பது அவர்கள் கண்ட குறை. குறை மெய்தான். சொல்லிக் கொடுக்க ஆளில்லாத குறையை நான் முன்னமே சொன்னேன். 2021 ஜனவரியில் போர்டார் பாடப் பரீட்சைகளை அடியோடு நிறுத்தினார்கள். வெளிநாட்டாருக்கு மாத்திரம் அவ்வருஷம் ஜூன் வரை தவணை. எஸ்.ஏ.டி. இன்னும் இருக்கிறது. எம்.ஐ.டி. 2022-ல், ஹார்வர்டு 2024-ல் மறுபடி பொதுப் பரீட்சை மார்க்கைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். போனது நல்லது, நின்றது மற்றது என்பது என் அபிப்பிராயம், கோபிக்கிறவர்கள் கோபிக்கலாம்.

இப்பொழுது பாடத்தைக் காட்ட மிஞ்சியிருப்பது ஏ.பி. பரீட்சை. மே மாதத்தில் நடப்பது. 1 முதல் 5 வரை மார்க்கு. இதைத் தனியாகப் படித்தவனும் எழுதலாம். ஆனால் ஏதாவதொரு பள்ளிக்கூடமோ நிலையமோ இடங்கொடுக்க வேண்டும்.

தன் மகளுக்கு எந்தப் பாடம் நல்லது என்று முன்வரிசையிலிருக்கும் ஒரு தோழர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். அய்யா, அவள் கேளாமலே எடுத்துப் படிக்கிற புத்தகம் எது என்று பாருங்கள். கலாசாலையில் அவள் படிக்க நினைப்பதற்கு அது பொருந்துமா என்றும் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதினதைப் பார்க்காதீர்கள். இடத்திற்கு முந்தின வருஷத்து மழைக்காலத்திலேயே சொல்லி வைத்துவிட வேண்டும். மே மாதத்தில் போய்க் கதவைத் தட்டினால் திறக்க மாட்டார்கள்.