கண்ணாடி முன் ஒரு முகம்
(நம் குடியிருப்பின் மாலைச் சந்திப்பில் பேசியது)

பின்லாந்து ஓவியர் ஹெலீன் ஷெர்ஃப்பெக் பற்றி ஐந்து நிமிடம் பேசுகிறேன்.

1862ல் ஹெல்சிங்கியில் பிறந்தவர். நாலு வயதில் மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆயுள் முழுக்கக் கால் தாங்கித்தான் நடந்தார். ஆனால் 11 வயதிலேயே ஓவியப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். நோயிலிருந்து தேறிவரும் குழந்தையை வரைந்த படத்துக்கு 1889 பாரிஸ் உலகக் கண்காட்சியில் வெண்கலப் பதக்கம். போர்வை சுற்றிய குழந்தை, கலைந்த தலை, எதிரே துளிர்விட்ட ஒரு குச்சி. அவசியம் தேடிப் பாருங்கள்.

1902ல் அம்மாவோடு ஹுவின்கா என்ற சிற்றூருக்குப் போனார். வீட்டு வேலை, அம்மாவைப் பார்த்துக்கொள்வது, மிச்ச நேரத்தில் ஓவியம். இது நம் வீடுகளிலும் பலருக்குத் தெரிந்த கதைதான். முதல் தனிக் கண்காட்சி 1917ல், 55 வயதில்!

கடைசிக் காலம் ஸ்வீடனில். 80 தாண்டிய பிறகு, வரைய ஆள் தேடாமல், கண்ணாடி பார்த்துத் தன் முகத்தையே வரிசையாக வரைந்தார். ஒட்டிய கன்னம், குழிந்த கண், போகப்போக மண்டையோடு மாதிரி. எதையும் அழகாக்கவில்லை. குரூப் போட்டோ என்றாலே பின்வரிசைக்கு ஓடுகிற எனக்கு முதலில் பயமாக இருந்தது. இப்போது அந்த முகங்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். 1946ல் காலமானார்.

படங்களை டிவியில் போடுகிறேன். பின்னால் இருப்பவர்கள் கொஞ்சம் முன்னால் வாருங்கள்.