சின்ன வயிறும் பிரியாணித் தட்டும்

(எடை குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் குடும்பத்தாருக்காக நமது டிரஸ்ட் நடத்திய ஆலோசனைக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





மருந்து, தையல், ஸ்கேன் பற்றியெல்லாம் எனக்குப் பிறகு டாக்டர் பேசுவார். நான் ஒரேயொரு கேள்விக்காக வந்திருக்கிறேன். ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்பது இதுதான்: "பாய், இனிமே ஆயுசுக்கும் பிரியாணி கிடையாதா?"

சிரிக்காதீர்கள். சர்க்கரை குறைந்தது, மூட்டுவலி குறைந்தது, ராத்திரி மூச்சடைக்காமல் தூங்க முடிகிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பெருநாள் மாலையில் பிள்ளைகள் ஹோட்டலுக்குக் கிளம்பும்போது "நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லி வீட்டில் உட்கார்ந்திருப்பது சின்ன வருத்தம் இல்லை.

பதில், கிடையாது என்பதல்ல. உண்டு. அளவும் முறையும்தான் மாறுகின்றன. அது ஏன் என்று கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

'ஸ்லீவ்' என்கிற முறையில் இரைப்பையில் ஏறத்தாழ 80 சதவீதத்தை எடுத்துவிட்டு, வாழைப்பழம் போல ஒரு குழாயை மட்டும் விடுகிறார்கள். 'பைபாஸ்' முறையில் கோழிமுட்டை அளவு ஒரு சின்னப் பையை உண்டாக்கி, அதை நேரே சிறுகுடலோடு இணைக்கிறார்கள். ஸ்லீவில் எடுத்துவிடும் பகுதியில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவு சுரக்கிறது. ஆகவே பசி அடங்குகிறது. ஆனால் பழைய ருசியின் நினைவு அடங்குவதில்லை.

முதலில் தண்ணீராக, பிறகு கூழாக, பிறகு குழைவாக என்று படிப்படியாக வந்து, சாதாரணச் சாப்பாட்டுக்கு வர ஒன்றரை, இரண்டு மாதமாகும். அதற்குமுன் ஹோட்டல் பேச்சே வேண்டாம். டாக்டரும் உணவு ஆலோசகரும் சரி என்று சொன்ன பிறகு போகலாம்.

போனால் என்ன சாப்பிடுவது? கறி, மீன், முட்டைக்குத்தான் முதலிடம். நாளொன்றுக்கு 60 கிராமாவது புரதம் உள்ளே போகவேண்டும் என்கிறார்கள். ஒரு முட்டையில் இருப்பதே சுமார் 6 கிராம்தான். இடமோ கொஞ்சம். அந்த இடத்தைச் சோற்றுக்கும் ரொட்டிக்கும் கொடுத்துவிட்டால் புரதம் எங்கே போகும்?

பிரியாணி வந்தால் கறியை முதலில் தனியே எடுத்து வையுங்கள். எலும்பை விட்டுக் கழன்று வருகிற, நன்றாக வெந்த துண்டாக இருக்கட்டும். நக அளவு பிய்த்து, தால்ச்சாவில் நனைத்து, வாயிலேயே கூழாகும் வரை மெல்லுங்கள். கறி முடிந்தபின் வயிறு இடம் கொடுத்தால் இரண்டு மூன்று தேக்கரண்டி சோறு. சீரக சம்பாவின் மணம் அந்த மூன்று கரண்டியிலும் முழுதாக இருக்கிறது. அரை மணி நேரம் எடுத்துச் சாப்பிடுங்கள், கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். நிரம்பிவிட்டது என்று நெஞ்சுக்குக் கீழே ஓர் அழுத்தம் தெரியும். அதற்குமேல் ஒரு வாய்கூட வேண்டாம்.

கிரில் சிக்கனில் நெஞ்சுப்பகுதி வறண்டு தொண்டைக்குக் கீழே அடைத்துக்கொள்ளும். தொடைக்கறி கேளுங்கள். மீன் நல்லது. ஆட்டுக்கால் பாயாவும் நல்லதுதான், மேலே மிதக்கும் எண்ணெயை ஒதுக்கிவிட்டால். பரோட்டாதான் சிக்கல். மைதா பிசின்போல உருண்டு நின்றுவிடும். பல மாதம் கழித்து, மொறுமொறுப்பான மேலடுக்கில் ஒரு துணுக்கைச் சால்னாவில் ஊறவைத்துப் பார்க்கலாம். அதுவும் ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. கறி அடைக்கும் என்பதால் அதற்குப் பயப்படுகிறோம். ஃபலூடா, ஐஸ்கிரீம், மில்க் ஷேக் எல்லாம் வழுக்கிக்கொண்டு போகின்றன, எனவே பயமில்லை. உண்மையில் கெடுதல் அங்கேதான். சின்ன வயிற்றில் அவை தங்குவதில்லை. குறைந்த எடை மறுபடி ஏறுவது இப்படித்தான். பைபாஸ் செய்தவர்களுக்கு இனிப்பு வேகமாகக் குடலில் இறங்கி, வியர்வை, படபடப்பு, தலைசுற்றல், வயிற்றுப்போக்கு என்று படுக்க வைத்துவிடும். சோடா வகைகளும் வேண்டாம். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல், முடித்து அரை மணி நேரம் கழித்துக் குடிக்கவேண்டும்.

இப்போது தாய்மார்கள் கொஞ்சம் கவனியுங்கள். என் தங்கை ஸ்லீவ் செய்து இரண்டு வருடமாகிறது. ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் மாதம் ஒரு வலீமாவுக்குப் போனாள். பக்கத்தில் இருந்த மாமி, "என்னம்மா கோழி மாதிரி கொத்துறே, எங்க வூட்டுச் சாப்பாடு புடிக்கலையா?" என்று ஒரு கை சோற்றை அள்ளி அவள் பக்கம் வைத்தார். பாசத்தில்தான் வைத்தார். மரியாதைக்காக இவள் சாப்பிட்டாள். பத்து நிமிடத்தில் எழுந்து ஓடி வாந்தி எடுத்தாள். அதன்பின் எட்டு மாதம் எந்த விருந்துக்கும் வரவில்லை. தலைவலி என்பாள், பிள்ளைக்குப் பரீட்சை என்பாள்.

சஹனில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் மற்றவர் வேகத்துக்கு ஈடுகொடுத்துத்தான் சாப்பிட வருகிறது. மந்திக் கடையிலும் அதே கதை. அவர்களுக்கு ஒரு சின்னத் தட்டைத் தனியே வையுங்கள். அதை ஊருக்கு அறிவிக்க வேண்டாம். சேர்ந்து உண்பதில் பரக்கத் இருக்கிறது, உண்மை. தனித்து உண்பதையும் சூரத்துந் நூர் அனுமதித்தே இருக்கிறது. வயிற்றை மூன்றாகப் பிரிக்கச் சொன்ன நபிமொழி நம் எல்லோருக்கும் மனப்பாடம். சஹனைக் கண்டதும் ஆபரேஷன் ஆகாத நாம்தான் மறந்துபோகிறோம்.

"இன்னும் கொஞ்சம்" என்று ஒருமுறை கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வீணாகிறதே என்ற கவலை இருந்தால், ஹோட்டலில் சாப்பாடு வந்ததுமே பாதியைப் பார்சல் டப்பாவில் எடுத்து வைத்துவிடலாம். எண்ணிக்கையில்லாமல் சாப்பிடலாம் என்கிற பஃபே கடைகளுக்கு இவர்களை அழைத்துப்போவது பணத்துக்கும் கேடு.

ஒன்று மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். எப்போதாவது ஒரு வாய் கூடி எதுக்களிப்பது வேறு. எதைச் சாப்பிட்டாலும் நாள் கணக்கில் வாந்தி என்றால் உடனே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போங்கள். வைட்டமின் பி1 குறைந்து நரம்பைப் பாதித்துவிடும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளும் ஆயுள் முழுக்க. எடைதான் குறைந்துவிட்டதே என்று நிறுத்திவிடுகிறவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

தங்கை இப்போது வருகிறாள். போன பெருநாளைக்குக் குடும்பத்தோடு போனோம். ஒரு துண்டு மீனும் மூன்று கரண்டி பிரியாணியும் அவள் சாப்பிட்டு முடிப்பதற்குள் பிள்ளைகள் ஐஸ்கிரீமையும் முடித்துவிட்டார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

டாக்டரிடம் நேரில் கேட்கக் கூச்சப்படுகிற பெண்கள், கேள்வியைச் சீட்டில் பெயர் போடாமல் எழுதி வாசலில் உள்ள பெட்டியில் போட்டுவிடுங்கள்; அவர் பேசி முடிப்பதற்குள் அவரிடம் சேர்த்துவிடுகிறோம்.