காய்ச்சல் குழந்தைக்குத்தான் முதல் சீட்டு

(கள்ளக்குறிச்சியில் இளம் தாய்மார்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை. செய்தித் துறையில எழுதுற பொண்ணு. ஆனா ஒரு கைக்குழந்தைக்குச் சித்தி. அந்த உரிமையில எங்க வீட்டுல நடந்த ஒரு விஷயத்தைச் சொல்றேன்.

எங்க அக்கா வெள்ளிமலைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவ. அன்னைக்கு அவ மாமியாருக்குச் சர்க்கரைப் பரிசோதனை, கண் பரிசோதனை ரெண்டும் கள்ளக்குறிச்சியில. வெறும் வயித்துல ரத்தம் எடுக்கணுமேன்னு இருட்டோட பஸ் ஏறிட்டாங்க. அஞ்சு மாசக் குழந்தைக்கு மலைக்குளிருக்காக ஸ்வெட்டர், குல்லா, மேல ஒரு கம்பளி. கச்சிராயபாளையம் வரும்போதே குழந்தை உடம்பு சுட்டிருக்கு. போர்த்தின சூடுதான்னு விட்டுட்டாங்க. நான் பஸ் ஸ்டாண்டுல வந்து சேர்ந்துக்கிட்டேன்.

மருத்துவமனையில அக்கா ஒரு வரிசை, அத்தை ஒரு வரிசை, குழந்தை என் மடியில. ரொம்ப நேரம் சிணுங்கிட்டே இருந்தது. அப்புறம் அழுகை நின்னுடுச்சு. "அப்பாடா, தூங்கிட்டான்"னு எனக்கு நிம்மதி. அந்தப் பக்கமா வந்த ஒரு செவிலியர் குழந்தையைத் தொட்டுப் பார்த்தாங்க, உள்ளங்காலைச் சுண்டினாங்க. அவன் சரியா கண்ணு முழிக்கலை. "கடைசியா எப்போ பால் குடிச்சான்?"னு கேட்டாங்க. எங்க மூணு பேருக்குமே தெரியலை.

அது தூக்கம் இல்லை, சோர்வு. உடனே தூக்கிட்டு ஓடினாங்க. மூணு நாள் வார்டுல இருந்து, நல்லபடியா வீடு திரும்பினான். ஆனா அந்தச் செவிலியர் கேட்ட இன்னொரு கேள்வி இன்னும் மனசுல நிக்குது: "வந்ததும் ஏம்மா சொல்லலை?" அக்கா சொன்னா: "வரிசை போயிடும்னு பயந்துட்டேன் சிஸ்டர்."

அந்தப் பயம் நம்ம எல்லார்கிட்டயும் இருக்கு. அதனாலதான் இதைப் பேசவே வந்தேன்.

ஒரே நாள்ல பல வேலை வச்சுக்கிட்டு மலையிலிருந்து இறங்குறோம். குழந்தைக்குக் காய்ச்சல்னா அன்னைக்கு வரிசை மாறணும். கண்ணும் சர்க்கரையும் இன்னொரு நாள் பார்க்கலாம். உள்ளே நுழைஞ்சதும் ஓபி சீட்டு போடுற இடத்துலயே, "கைக்குழந்தைக்குக் காய்ச்சல், இத்தனை மாசம்"னு சத்தமா சொல்லுங்க. இது சலுகை கேட்கிறது இல்லை. உலக சுகாதார நிறுவனத்தோட வழிகாட்டுதலே, ரெண்டு மாசத்துக்கு உட்பட்ட குழந்தையையும், உடம்பு ரொம்பச் சுடுற குழந்தையையும், சோர்ந்து கிடக்கிற குழந்தையையும் வரிசையில முன்னாடி பார்க்கச் சொல்லுது.

சில அறிகுறி தெரிஞ்சா ஓபி வரிசையே வேண்டாம், நேரா அவசரப் பிரிவுதான். பால் குடிக்க முடியலை, குடிச்சதெல்லாம் வாந்தி, வலிப்பு, எழுப்பினா முழிக்கலை, மூச்சு விடும்போது நெஞ்சு உள்வாங்குது – இதுல ஒண்ணு போதும். மூணு மாசம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலே, வேற அறிகுறி இல்லாட்டியும் அன்னைக்கே டாக்டர் பார்க்கணும்.

உங்க கையில இருக்கிற போனே இதுக்கு உதவும். ஸ்டாப்வாட்ச் வச்சு ஒரு நிமிஷம் முழுக்க மூச்சை எண்ணுங்க. ரெண்டு மாசத்திலிருந்து ஒரு வயசுக்குள்ள 50-ம் அதுக்கு மேலும் இருந்தா அது வேகமான மூச்சு. பால் குடிச்ச நேரம், சிறுநீர் போன நேரம், மருந்து குடுத்த நேரம் மூணையும் குறிச்சு வையுங்க. வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க, வாயில எதையும் திணிக்காதீங்க. பக்கத்துல இருக்கிறவங்க வீடியோ எடுத்தா டாக்டருக்கு உதவும்.

மருந்துல ஒரு எச்சரிக்கை. பாராசிட்டமால் சொட்டு மருந்து வேற, சிரப் வேற. சொட்டு மருந்துல பொதுவா 1 மில்லியில 100 மில்லிகிராம். சிரப்புல 5 மில்லியில 125, இல்லேன்னா 250. சிரப்னு நினைச்சுச் சொட்டு மருந்தை 5 மில்லி ஊத்தினா 500 மில்லிகிராம். அது பெரியவங்க போடுற ஒரு மாத்திரை! அளவைக் குழந்தையோட எடையைப் பார்த்து டாக்டர்தான் சொல்லணும். பாட்டில் லேபிளைப் போட்டோ எடுத்து வச்சுக்குங்க.

மலையிலிருந்து இறங்க இறங்க வெயில் ஏறும். கம்பளியை எடுத்துட்டு மெல்லிசான பருத்தித் துணி போடுங்க. பாலை நிறுத்தாதீங்க, அடிக்கடி குடுங்க. ஆறு மாசம் ஆகாத குழந்தைக்குத் தண்ணியோ கஷாயமோ வேண்டாம், தாய்ப்பால் போதும்.

ஆபத்துன்னா 108. சந்தேகம்னா 104-ல மருத்துவ ஆலோசனை கேட்கலாம். மலைப்பாதையில எல்லா வளைவிலயும் சிக்னல் கிடைக்காது. அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே உங்க ஊர் கிராம சுகாதார செவிலியர் நம்பரை போன்ல சேமிச்சு வையுங்க. தாய்-சேய் அட்டையையும் போட்டோ எடுத்துக்குங்க. 2019-ல கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆச்சு. 2022-லிருந்து சிறுவங்கூர்ல அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கு. அரசு மருத்துவமனைகள்ல ஒரு வயசு வரைக்கும் குழந்தைக்குச் சிகிச்சை, மருந்து, பரிசோதனை எல்லாமே இலவசம். காசை நினைச்சுத் தயங்காதீங்க.

எங்க அத்தையோட கண் பரிசோதனை பத்து நாள் கழிச்சு நடந்தது. அதனால ஒண்ணும் கெட்டுப் போகலை. "அன்னைக்கே என் சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு எம்பேரனைத் தூக்கிட்டு ஓடியிருக்கணும்"னு அவங்களே இப்போ சொல்றாங்க.

வரிசை நாளைக்கும் இருக்கும். குழந்தைக்குக் காய்ச்சல்னா வாயைத் திறந்து முதல்ல சொல்லுங்க.