வயிற்றோட்டத்துக்கு எது மருந்து?



மழை தொடங்கினால் நம் லயங்களில் வயிற்றோட்டமும் வந்துவிடும். பேர் போட மாட்டார்களே என்று லோபரமைட் குளிசையைப் போட்டுக்கொண்டு மலைக்கு ஏறுகிறோம். அது குடலின் அசைவை மெதுவாக்கும். போன நீரையும் உப்பையும் திருப்பித் தராது. இரத்தமாகவோ காய்ச்சலோடோ போனால் பெரியவர்களும் அதைத் தொடக்கூடாது. உடைத்துப் பிள்ளைக்குக் கொடுப்பது பெரிய ஆபத்து. குடலே அசையாமல் நின்றுவிடலாம்.

பிள்ளைக்கு ஜீவனி கொடுப்போம். கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் ஒரு பக்கற் முழுவதையும் கரைக்க வேண்டும். (கோப்பையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கும் பழக்கத்தை விடுவோம்.) அதிலுள்ள சீனியும் உப்பும் சேர்ந்துதான் குடலிலிருந்து நீரை உடம்புக்குள் இழுக்கின்றன. வாந்தி எடுத்தாலும் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுப்போம். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, அன்றைய பேரைப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். அந்தப் பேரைப் பற்றித் துரையிடம் சங்கம் பேசும்.