கொட்டைமுத்தும் நைலானும்

இன்று பட்டம் பெறும் வேதிப்பொறியியல் மாணவச் செல்வங்களே!

பெட்ரோலியத்துக்கு மாற்று என்றதும் எல்லோருக்கும் வண்டிக்கு ஊற்றும் எண்ணெய்தான் நினைவுக்கு வருகிறது. எரித்துத் தீர்க்கும் பொருள் மலிவாகவும் ஏராளமாகவும் கிடைத்தாக வேண்டும். அந்த அவசரத்தில் நாம் ஏற்கெனவே சூடுபட்டிருக்கிறோம். 2003இல் திட்டக்குழு பயோடீசலுக்குக் காட்டாமணக்கைப் பரிந்துரைத்தது. 2009ஆம் ஆண்டு தேசிய உயிரி எரிபொருள் கொள்கையோ 2017க்குள் 20 சதவீதக் கலப்பு என்று இலக்கு வைத்தது. தரிசில் செடி வளர்ந்தது. தண்ணீரும் உரமும் இல்லாமல் காய்ப்புதான் வரவில்லை. நம்பி நட்டவர்களுக்கு நட்டம். இன்று மக்காச்சோளம் எத்தனால் ஆலைக்குப் போகிறது. தீவன விலை என்ன ஆயிற்று என்று நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்களைக் கேளுங்கள்.

ஆகவே எரிபொருளுக்கு முன்னால் வேதிப்பொருளைப் பாருங்கள் என்பேன். நம் கடலைக்காட்டு வரப்புகளில் நிற்கும் ஆமணக்கையே எடுத்துக்கொள்வோம். அதன் விதையான கொட்டைமுத்திலிருந்து வரும் விளக்கெண்ணெயில் பெரும்பங்கு ரிசினோலிக் அமிலம். பதினெட்டு கார்பன் கொண்ட சங்கிலி. அதன் பன்னிரண்டாவது கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி. சமையல் எண்ணெய் எதிலும் இந்த அமைப்பு இப்படி நிறைந்து கிடைப்பதில்லை. உயர்வெப்பத்தில் சங்கிலி அந்த இடத்தை ஒட்டியே முறிகிறது: ஏழு கார்பன் ஒரு துண்டு, பதினொரு கார்பன் ஒரு துண்டு. பதினொன்றிலிருந்து பிறப்பதுதான் நைலான்-11. 1940களில் பிரான்சில் உருவான இந்த நைலான், இன்று லாரிகளின் ஏர் பிரேக் குழாய்களாக ஓடுகிறது. கச்சா எண்ணெயிலிருந்து கிளம்பினால் பல படிகள் ஏற வேண்டிய வேலையைச் செடி வெயிலில் நின்றே பாதி முடித்துவிடுகிறது!

உலக ஆமணக்கில் பெரும்பகுதி இந்தியாவில், அதிலும் குஜராத்தில் விளைகிறது. ஆனால் நாம் பெரும்பாலும் எண்ணெயாகவே கப்பலேற்றுகிறோம். அதை வாங்கி செபாசிக் அமிலம் என்ற வேதிப்பொருளாக்கிச் சம்பாதிப்பது சீனா. எனக்கு இது ஆற்றாமையாக இருக்கிறது. அந்த அடுத்த படியை இங்கேயே எடுத்துவைக்கத் தெரிந்தவர்கள் நீங்கள்.

இன்னொரு வேலையும் காத்திருக்கிறது. ஆமணக்குப் பிண்ணாக்கில் ரிசின் என்ற கொடிய நச்சுப் புரதம் இருக்கிறது. அதனால் அது மாட்டுக்குத் தீவனமாகாமல் வயலுக்கு உரமாகவே போகிறது. செக்கு வைத்திருக்கும் ஒருவருக்குக் கட்டுப்படியாகும் செலவில், நம்பிக்கையாக அந்த நஞ்சை நீக்கிக் கொடுத்தால் பிண்ணாக்கின் விலை ஏறும். கொட்டைமுத்துக்கும் நல்ல விலை கேட்கலாம். சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வேலைக்கு விண்ணப்பம் போடும் முன் ஒருமுறை அங்கே போங்கள். பக்கத்துக் காட்டுக்காரரிடம் ஏக்கருக்கு என்ன விளைகிறது, என்ன விலை போகிறது என்று விசாரியுங்கள்.