பாசுமதிச் சோற்றின் பக்குவம்

மொனராகலைப் பகுதி இறப்பர்த் தோட்டமொன்றிலே பிறந்து வளர்ந்த ஒரு பெண், அப்புத்தளைக்கு மேலுள்ள தேயிலைத் தோட்டமொன்றிற்கு மருமகளாகச் செல்கிறாள் என எண்ணிக் கொள்ளுங்கள். நாத்தனாரைப் பெண் பார்க்க நாளை ஆட்கள் வருகின்றனர். மாமியார் பெட்டியைத் திறந்து, எண்ணி எடுத்த பணத்தில் ஒரு கிலோ பாசுமதி அரிசி வாங்கி வரச் செய்கிறார். மருமகளுக்குக் கவலையில்லை. தாய்வீட்டிலே தாயார் கற்பித்த கணக்கு அவளுக்குத் தெரியும்: ஒரு சுண்டு அரிசிக்கு ஒன்றரைச் சுண்டு நீர், கொதி வந்த பின் பன்னிரண்டு நிமிடம். நான்கு சுண்டு அரிசிக்கு ஆறு சுண்டு நீரை வார்த்து அடுப்பில் ஏற்றுகிறாள்.

பன்னிரண்டு நிமிடம் கழிந்து மூடியைத் திறந்தால் அரிசியின் நடுவிலே வெள்ளை முனை இன்னும் உறுத்துகிறது. பதறிப்போய் மேலும் நீர் தெளித்துக் கிளறுகிறாள். பாதி வெந்த நீண்ட அரிசி கரண்டி பட்டு ஒடிகிறது. ஒடிந்த முனைகளிலிருந்து மாப்பொருள் கசிகிறது. சற்று நேரத்தில் கீழே களி, மேலே குருணை. “கைப்பக்குவம் போதாது” என்று மாமியார் ஒரு சொல் சொல்லிவிடுகிறார். நேயர்களே, அச்சொல் நீதியானதன்று. குற்றத்தில் பாதி மலையினுடையது. மறுபாதி பெருக்கற் கணக்கினுடையது.

மலையின் பங்கை முதலிற் பார்ப்போம். உயரம் செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகிறது. ஏறக்குறைய முந்நூறு மீற்றருக்கு ஒரு பாகை வீதம் நீரின் கொதிநிலையும் தாழ்கிறது. மொனராகலை நகர் கடல் மட்டத்துக்கு அதிகம் உயர்ந்ததன்று. அங்கே நீர் நூறு பாகையை ஒட்டியே கொதிக்கிறது. பதுளையில் அது ஏறத்தாழ 98 பாகை. 1,400 மீற்றருக்கு மேற்பட்ட அப்புத்தளையிலோ 95 பாகையிலேயே நீர் குமிழியிட்டுத் துள்ளத் தொடங்கிவிடும். நெருப்பை எவ்வளவு பெருக்கினாலும் அதற்கு மேல் அந்நீர் சூடேறாது. ஆவியாகி வற்றுவது ஒன்றே மிச்சம். அரிசியின் மாப்பொருள் இளகுவதற்கு எழுபது பாகையை ஒட்டிய சூடே போதுமாதலால், மலைமேலும் சோறு வெந்தே தீரும். ஆனால் சில நிமிடம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். ஊவா மாகாணத்திலே ஒரே பேருந்தில் ஏறி இறங்கும் தூரத்துக்குள் இரண்டு விதமான கொதிநீர் இருக்கிறது என்பதை அரிசிப் பொதியில் அச்சிட்டவர் அறியமாட்டார்.

இனிப் பெருக்கற் கணக்கு. பானையில் வார்த்த நீரை இருவர் குடிக்கின்றனர்: ஒருவர் அரிசி, மற்றவர் ஆவி. அரிசி குடிப்பது அரிசியின் அளவைப் பொறுத்தது. நான்கு மடங்கு அரிசி நான்கு மடங்கு நீரைக் குடிக்கும். ஆவி குடிப்பதோ அரிசியைப் பொறுத்ததன்று. பானையின் வாய் எவ்வளவு அகலம், மூடி எவ்வளவு இறுக்கம், அடுப்பில் எவ்வளவு நேரம் என்பவற்றைப் பொறுத்தது. ஒரு சுண்டு அரிசி வைத்தாலும் நான்கு சுண்டு வைத்தாலும் அதே பானையிலிருந்து ஏறக்குறைய அதே அளவு ஆவிதான் வெளியேறும். ஆகவே ஒரு சுண்டுக்குச் சரியான ஒன்றரையை நான்கால் பெருக்கி ஆறு ஆக்கினால், சோறு குழையாமல் வேறென்ன செய்யும்? ஊறி வடிந்த அரிசியாயின் ஒரு சுண்டுக்கு ஒன்றேகால் சுண்டு நீர் போதும்; நான்கு சுண்டுக்கு நாலரை போதும். மூடி தளர்வாயிருந்தாலோ மலையுச்சியில் நேரம் நீண்டாலோ இன்னும் அரைச் சுண்டு சேர்க்கலாம். அதற்கு மேல் வேண்டியதில்லை.

பாசுமதி இமயமலை அடிவாரத்துப் பயிர். பஞ்சாப், ஹரியானா, டேராடூன் முதலிய இடங்கள் அதற்குப் பேர்போனவை. 1766ஆம் ஆண்டில் வாரிஸ் ஷா என்னும் பஞ்சாபிப் புலவர் இயற்றிய ‘ஹீர்’ காவியத்தில் அதன் பெயர் வருகிறது. வேகும்போது அகலத்தில் அதிகம் பெருக்காமல் நீளத்திலேயே வளர்வது இவ்வரிசியின் இயல்பு. நன்கு சமைத்தால் ஏறத்தாழ இரு மடங்கு நீளும். ஓராண்டேனும் இருப்பில் வைத்த பழைய அரிசி ஈரம் குறைந்து இறுகியிருப்பதால் ஒட்டாது நீளும். புது அரிசி எளிதிற் குழையும். வெண்மையைக் கண்டு மயங்காமல், சற்றே மங்கிய தந்த நிறமும் முறியாத முனையும் பார்த்து வாங்குதல் நலம்.

அரிசியை மூன்று நான்கு நீரில் மெல்ல அலசுக. கையால் அழுத்திப் பிசைதல் கூடாது. ஒட்டியிருக்கும் மாவு போனாற் போதும். பின்னர் அரை மணி நேரம் குளிர்ந்த நீரில் ஊறவிடுக. மலைப்பகுதியிலே முக்கால் மணி நேரமும் ஊறலாம். ஊறாத அரிசியிலே வெளிப்புறம் வெந்து கரையும்போது நடுப்பகுதி வறண்டு கிடக்கும். ஊறியதிலே ஈரம் முன்னரே நடுவரை சென்றுவிட்டதால் இரண்டும் ஒருங்கே வேகும். மருமகளுக்கு அன்று வேண்டியிருந்தது பெரும்பாலும் இவ்வொன்றுதான். அடுப்பில் இருக்கும் நேரமும் இதனாற் சுருங்குகிறது. 2022ஆம் ஆண்டில் நாடெங்கும் எரிவாயுக் கொள்கலனுக்காக வரிசையில் நின்றவர்களுக்கும், மழைக்காலத்தில் ஈர விறகோடு போராடும் லயத்துப் பெண்களுக்கும் சில நிமிட நெருப்பின் விலையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஊறிய அரிசியை வடித்து, அளந்த நீரும் உப்பும் சேர்த்து, கொதி வரும் வரை நல்ல நெருப்பில் வைத்து, பின் மூடியிட்டு நெருப்பைக் குறைக்க வேண்டும். விறகடுப்பாயின் கொள்ளிகளை வெளியே இழுத்துத் தணலின்மேல் விடுவதே சரி. தாழ்நிலத்தில் பத்து நிமிடம். மலையில் பதின்மூன்று, பதினான்கு. அதன்பின் இறக்கி, மூடிக்கடியில் ஒரு துணியைக் கட்டி, பத்து நிமிடம் தொடாமல் வைத்தல் வேண்டும். ஆவியின் ஈரத்தைத் துணி வாங்கிக் கொள்ளும். மேலும் கீழும் ஈரம் சமப்படும். பலரும் அவசரப்பட்டுக் கெடுப்பது இந்தப் பத்து நிமிடத்தைத்தான்.

தோட்டத்து மூதாட்டியர் பலர் இதனை ஒப்புக்கொள்ளார். நிறைய நீரில் வேகவிட்டு வடிப்பதே அவர்தம் வழக்கம். அது பிழையன்று, உயரம் எதுவாயினும் நீரளவு தவறாத முறை அது. வடித்த கஞ்சியை அவர்கள் கொட்டுவதுமில்லை. அதற்குக் காரணம் உண்டு. தோட்ட நிருவாகம் அரிசியைப் படியளந்து கொடுத்துச் சம்பளத்திற் கழித்த காலம் ஒன்றிருந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்திலே தோட்டங்களிற் பட்டினிச் சாவுகளும் நேர்ந்தன. அன்று கஞ்சியே உணவாயிருந்த வீடுகளில் ஒரு பானைச் சோறு கெடுவதென்பது சிறு விடயமாகத் தோன்றாது. மாமியாரின் கடுஞ்சொல்லுக்கும் வேர் அங்கேதான் இருக்கக்கூடும்.

ஆயினும் பாசுமதியை வடித்தால் மணத்தின் ஒரு பகுதி கஞ்சியோடும் ஆவியோடும் போய்விடும். அம்மணத்துக்கு முதன்மையான காரணம் ‘2-அசெட்டைல்-1-பிரோலின்’ என்னும் பொருள் என்பதை 1980களின் தொடக்கத்தில் ஆய்வாளர் கண்டறிந்தனர். நம் வீட்டுக் கொல்லையிலே வளரும் ரம்பை இலையின் மணமும் அதே பொருளினாலேதான்! சம்பா அரிசியிலும் ஒரு துண்டு ரம்பையைப் போட்டு வந்த நம் பாட்டிமார், பெயரறியாமலே அப்பொருளைக் கையாண்டவர்கள். நல்ல பழைய பாசுமதிக்கு ரம்பை மிகை. மணம் குன்றிய மலிவு அரிசிக்கு இரண்டு விரலளவு துண்டொன்று போதும்.

இவ்வளவும் செய்த பின்னரும் மூடியைத் திறக்கையில் முனை உறுத்தினால் கரண்டியைத் தொட வேண்டாம். மூன்று நான்கு மேசைக்கரண்டி கொதிநீரை மேலே பரவலாகத் தெளித்து, துணியோடு மூடியை அழுத்தி மூடி, மெல்லிய தணலில் ஐந்து நிமிடம் வைக்க. மாறாக ஈரம் மிஞ்சி நின்றால் மூடியைத் திறந்து, அகன்ற தட்டிலோ தாம்பாளத்திலோ மெல்லச் சரித்துப் பரப்பி விடுக. மலைக்காற்றிலே அது விரைவில் உலர்ந்து உதிரும். பரிமாறும் முன் அகப்பைக் காம்பினால், பானையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, அடியிலிருந்து மேலாகத் தூக்கிவிட வேண்டும்.