விற்ற கையே வாங்க வேண்டும்

நடுவர் அவர்களே, எதிரணியிலே வீற்றிருக்கும் அன்பு நண்பர்களே, மாசி மகத்துக்குக் கடலாட வரும் இறைவனைக் கண்குளிரக் காணும் திருவேட்டக்குடிப் பெருமக்களே!

'மின்னணுக் குப்பைக்குப் பொறுப்பு விற்றவரா, வாங்கியவரா?' என்பது தலைப்பு. விற்றவரே என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் கேட்டார்: "ரெண்டு வருஷத்துக்கு ஒரு செல்போன் மாத்துறது யாரு? நீங்கதானே?" ஐயா, ஆசைக்கு மாத்துறவங்க உண்டு, இல்லேன்னு சொல்லலை. ஆனா என் பழைய போனிலே நகத்தாலே மூடியைத் தூக்கி பேட்டரி மாத்தினேன். இப்ப இருக்கிற போனைப் பசை போட்டு ஒட்டிட்டாங்க. பேட்டரி செத்தா போனுக்கும் சேர்த்துக் கருமாதி! (சிரிப்பு) ஒட்டினது நானா? வாங்கினவரே பேட்டரியைக் கழற்றி மாற்ற வழி வைக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சட்டம் போட்டது; 2027 பிப்ரவரியிலிருந்து அது கட்டாயம். அங்கே முடிவது இங்கே முடியாதா?

அடுத்து, டிவி. எங்க வீட்டு டப்பா டிவி கெட்டுப்போச்சு. பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டேன். ஒரு காலத்திலே பேரீச்சம்பழம் கொடுப்பார். இப்ப காசு கொடுத்தார். நாலு நாள் கழித்து அவர் கொட்டகைப் பக்கம் போனேன். படக்குழாயைக் கல்லால் உடைத்துச் செம்புக் கம்பியை உருவிக்கொண்டிருந்தார். வயரைக் குவித்துக் கொளுத்தியிருந்தார், கரும்புகை. பக்கத்திலே அவர் மகள், நாலு வயசு இருக்கும், அந்தக் கண்ணாடிச் சில்லுகளை வைத்துச் சோறாக்கி விளையாடுது.

அந்தக் கண்ணாடியிலே ஈயம் கலந்திருக்கிறது, பெருமக்களே! குழாய்க்குள் உண்டாகும் எக்ஸ் கதிர் நம்மைத் தாக்காமல் இருக்கச் சேர்த்தது. டிவி பார்த்த என்னைக் காத்த ஈயம், அந்தப் பிள்ளையின் மூளைக்கு எமன். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லவே முடியாத நஞ்சு அது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அண்ணன்மேல் குற்றம் சொல்லாதீங்க. உள்ளே என்ன இருக்குன்னு செய்தவருக்குத் தெரியும். அவருக்கு யார் சொன்னா?

இது ஒரு வீட்டுக் கதையா? பக்கத்திலே தமிழ்நாட்டில் 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் பெட்டிகள் கொடுத்தார்கள். அத்தனையும் ஒரு நாள் கொட்டகைக்குத்தானே போகணும்? 2022-இல் உலகம் கழித்துப்போட்ட மின், மின்னணுக் குப்பை 6.2 கோடி டன். முறையாகச் சேர்த்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான்.

"வாங்கினவன் எங்கே கொடுப்பது என்று தேடிப் போகணும்" என்கிறது எதிரணி. கோலி சோடா குடிச்சிருக்கீங்களா? நாம குடிச்சு ஏப்பம் விடுற வரைக்கும் கடைக்காரர் கண் எங்கே இருக்கும்? பாட்டில்மேலே! (கைதட்டல்) ஏன்? பாட்டில் திரும்பலேன்னா நஷ்டம் அவருக்கு. டிவி திரும்பலேன்னா நஷ்டம் யாருக்கு? அந்தப் பிள்ளைக்கு. அதனாலேதான் கம்பெனிக்காரர் கண் இந்தப் பக்கம் திரும்பலை.

பொறுப்பு யாருக்கு என்று சட்டமே தீர்ப்பு எழுதிவிட்டது, நடுவர் அவர்களே. 2011-இல் எழுதிய விதியிலேயே தயாரித்தவர் பொறுப்பு வந்துவிட்டது. 2022-இல் புது விதி, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. 2025-26-க்கு 70 சதவீதம், 2027-28 முதல் 80 சதவீதம் என்று மறுசுழற்சிக்கு இலக்கும் வைத்தார்கள். ஆனால் ஓர் ஓட்டை. இலக்கு நாடு முழுவதற்கும் சேர்த்து எடைக் கணக்கு. பதிவு பெற்ற ஆலையிடம் சான்றிதழ் வாங்கிக் காட்டினால் கணக்கு நேர். பட்டணத்தில் அள்ளியே கணக்கை முடிக்கலாம். திருவேட்டக்குடிக்கு வண்டி வர வேண்டியதில்லை.

இந்த ஊரிலேயே தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. அங்கே கணினி படிக்க வருது. கடற்கரை மணலுக்குக் கணினிக் குப்பை வரக்கூடாது. விற்கிறதுக்கு வண்டி வந்த பாதையிலேயே வாங்குறதுக்கும் வண்டி வரட்டும். அந்தப் பழைய இரும்பு அண்ணனையே முகவராக்கி, உடைக்காமல் கொடுத்தால் கூடுதல் காசு என்று சொல்லட்டும். செம்புக்குக் கிடைப்பதைவிட முழுப் பெட்டிக்குக் கூடக் கிடைத்தால், அவர் ஏன் கல்லை எடுக்கிறார்?

சோடாக் கடைக்காரருக்கு இருக்கிற பொறுப்பு கோடிக் கணக்கில் விற்கிறவருக்கு இருக்கக் கூடாதா? விற்ற கையே வாங்க வேண்டும் என்று தீர்ப்பளியுங்கள், நடுவர் அவர்களே. அந்தப் பிள்ளை வேறு எதையாவது வைத்துச் சோறாக்கட்டும்.

(பலத்த கைதட்டல்)